தம் பெயரை முதலில் சொன்னவருக்கு

எடப்பாடி மலையாண்டி மோட்டார் சர்வீஸில் முதல் வண்டியின் முதல் பயணத்திலிருந்து பணிபுரிந்து, டிரைவராகவும் பின்னர் ஷெட்டின் மேற்பார்வையாளராகவும் விளங்கி, இன்று ஓய்வு பெறும் உயர்திரு. செல்லமுத்து அவர்களுக்கு, உடன் உழைத்த தோழர்கள் உள்ளம் உவந்து வாசித்தளிக்கும் மடல்.

பள்ளம் கண்டால் பக்குவமாகவும், மேடு கண்டால் மெதுவாகவும், மாடு குறுக்கே வந்தால் மாட்டுக்கும், மாட்டுக்காரர் குறுக்கே வந்தால் அவருக்கும் வழிவிட்டு வண்டி ஓட்டிய வல்லவரே! கரிப்புகையைக் காலமெல்லாம் குடித்தும் கடுஞ்சொல் ஒன்றைக் கக்கியறியாத கண்ணியரே! சக்கரம் சேற்றில் சிக்கிய வேளையிலும் சிந்தை சிக்காத செம்மலே! வணக்கம்.

அடைமொழிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். "சபையில என்னைப் புகழ்ந்தீங்கன்னா துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போய்ட்டே இருப்பனுங்க" என்று தாங்கள் முன்கூட்டியே மிரட்டி வைத்திருக்கிறீர்கள். ஆகவே ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். இனிச் சற்று நேரத்துக்கு இந்த மடலில் "தாங்கள்" என்ற சொல்லே வராது. செல்லமுத்து என்று யாரோ ஒருவர் இருந்தார் என்று கதையாகவே வாசிக்கப்போகிறோம். நாற்காலியில் சாய்ந்து, வேற்றூர்க்காரர் யாருக்கோ வந்த பெருமை என்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்தக் கதையில் எங்கள் முதலாளியின் நோவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. சாயங்காலக் கூட்டமும் இரைச்சலும் அவரைக் கலக்கிவிடும் என்பதால் அவர் இங்கே வரவில்லை, வீட்டில் உறங்குகிறார். சபையில் சொல்லலாமா என்று அவர் மனைவி பாவாயி அம்மாளிடம் போய்க் கேட்டோம். "எழுதுங்க சாமி. மறைச்சு மறைச்சு நா பட்டது போதும். இதே நோவு இன்னொரு ஊட்லயும் இருக்கும். அவங்க காதுலயும் உழுவட்டும்" என்றார். இதோ முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

செல்லமுத்து என்று ஒருவர் இருந்தார். அவருடைய முதலாளி நாச்சிமுத்துக் கவுண்டர். முதலாளி, டிரைவர் என்று ஆவதற்கு முன்னால் இருவரும் ஒரே வண்டியில் கூட்டாளிகள். எடப்பாடியிலிருந்து சங்ககிரிக்கு முதன்முதலாக ஓடிய மலையாண்டி வண்டியில் ஸ்டியரிங் பிடித்தவர் நாச்சிமுத்து. முன்னால் நின்று ஹேண்டில் சுற்றி வண்டியைக் கிளப்பியவர் செல்லமுத்து. ஒரு வண்டி பல வண்டியான பிறகும் காலையில் முதல் வண்டி கிளம்பும் முறை மட்டும் மாறவில்லை. கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும், முதலாளி கைத்தடியோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரை ஒரு தட்டுத் தட்டுவார். "ம், எடு!" என்பார். அந்தச் சொல் வராமல் மலையாண்டி வண்டி அசைந்ததில்லை. தாசில்தாரே உள்ளே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அசைந்ததில்லை.

முதலாளி எதைச் சொன்னாலும் அதில் ஒரு காரணம் இருக்கும் என்று நம்பிப் பழகியவர்கள் நாங்கள். உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல், வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டி அதன் புகையில் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், முதலாளி கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினார். நம்மைச் சோதிக்கிறார் என்றோம். "எடு" என்று சொல்லி வண்டி போன பிறகு, வண்டி ஏன் இன்னும் போகவில்லை என்று அதட்டினார். அடுத்த வண்டியைச் சொல்கிறார் என்று பொருள் சொல்லிக்கொண்டோம். வெற்றிலைப் பெட்டியைத் தாமே ஸ்பேனர் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கிளீனர்களைத் திருடர்கள் என்றார். வயசானால் கோபம் வரத்தானே செய்யும் என்றோம். மரியாதை எங்கள் கண்ணை நன்றாகக் கட்டிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை சங்ககிரி வண்டியில் ஜனங்கள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. ஸ்டியரிங்கில் செல்லமுத்து. டயரைத் தட்டிய முதலாளி, வழக்கத்துக்கு மாறாக முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். "செவ்வாக்கெழம நாவலடிச் சந்தையில்ல? வண்டிய வடக்க திருப்பு. ம், எடு!" என்றார். செவ்வாய்தோறும் நாவலடிச் சந்தைக்கு மலையாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது உண்மைதான். மேட்டூரில் அணை கட்டி, நாவலடியும் அதன் சந்தையும் தண்ணீருக்குள் போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது என்பதும் உண்மைதான். செல்லமுத்து கண்டக்டர் அப்புசாமியைப் பார்த்தார். அப்புசாமி வானத்தைப் பார்த்தார். வண்டி வடக்கே திரும்பியது.

சங்ககிரிக்குப் போகவேண்டியவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. முதலாளியே வண்டியில் இருக்கிறார். ரோட்டை எங்காவது வெட்டிப் போட்டிருப்பார்கள், சுற்றிக்கொண்டு போகிறார் என்று தங்களுக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். வண்டி இருமிக்கொண்டே போயிற்று. கப்பி ரோடு மண் ரோடாகி, அந்த மண் ரோடும் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் நின்றது. கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த ஆத்தாயி என்ற அம்மாள்தான் முதலில் கேட்டார். "ஏனுங்க, சங்ககிரி எப்பங்க இப்பிடி ஆச்சு?"

வண்டியே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. இறங்கிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்று, டயரைத் தட்டுவதைப் போலவே கைத்தடியால் தண்ணீரைத் தட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "செல்லமுத்து, இந்த ஏரி எப்படா வந்துச்சு?"

அணையில் தண்ணீர் ஏறிய நாட்களில், நாவலடிக்காரர்களின் அண்டா குண்டாக்களை ஏற்றி வந்து மேட்டில் இறக்கியதே மலையாண்டி வண்டிதான். ஓட்டியவர் இதே முதலாளி. பக்கத்தில் இருந்தவர் இதே செல்லமுத்து. "அணை கட்டிப் பத்து வருசமாச்சுங்களே" என்று சொல்ல வாயெடுத்தவர், முதலாளியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதட்டியே பழகிய அந்த முகத்தில் பயம் இருந்தது. தேர்க்கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை அப்படித்தான் விழிக்கும். இத்தனை நாளும் கோபம் கோபம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தது இந்தப் பயத்தைத்தான் என்று செல்லமுத்துவுக்கு அங்கே விளங்கியது.

"இன்னிக்குச் சந்தை இல்லீங்க மொதலாளி" என்றார். சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

முதலாளியின் தோள்கள் தளர்ந்தன. "சந்தை இல்லாத நாள்ல இங்க என்னடா வேல நமக்கு? வண்டியத் திருப்பு" என்றார். முகத்தில் பழைய அதட்டல் திரும்ப வந்திருந்தது. அந்த அதட்டலைக் கேட்டு அன்று போலச் செல்லமுத்து என்றும் மகிழ்ந்ததில்லை.

முதலாளியைக் கொண்டுபோய் விட்டபோது, வீட்டு வாசலில் நின்றிருந்த பாவாயி அம்மாள், செல்லமுத்துவின் முகத்தைப் பார்த்ததும், "தெரிஞ்சு போச்சாப்பா?" என்றார். அவருக்கு ஒரு வருஷமாகவே தெரியும். வந்திருப்பவர் யார் என்று கதவுக்குப் பின்னால் நின்று பெயர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்டால் இன்னொரு பிடி வைத்திருக்கிறார். ஊர் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுமே என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டது என்றதும் அழுதார். அழுது முடித்துவிட்டுச் செல்லமுத்துவுக்குச் சோறு போட்டார்.

அடுத்து வந்தது பெரிய ஆபத்து. ஷெட்டில் நின்ற வண்டியில் ஏறிய முதலாளி பிரேக்கை விடுவித்துவிட்டார். வண்டி சரிவில் உருண்டு, கரி மூட்டை அடுக்கில் மோதி நின்றது. யார் மேலும் ஒரு கீறல்கூட இல்லை என்றாலும் மகன் வெங்கடாசலம் நடுங்கிப்போனார். அவர் தகப்பன் மேல் பாசமில்லாதவர் அல்லர். வண்டிகளும் எங்கள் பிழைப்பும் அவர் தலைமேல்தான் இருந்தன. "மாடி ரூம்ல வெச்சுப் பூட்டிருவோமுங்க. சோறு தண்ணிக்கு ஒரு கொறையும் இருக்காது. எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

"ஒருக்காச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டிறலாமுங்க. அப்பறம் பூட்டுங்க" என்றார் செல்லமுத்து.

சேலத்து டாக்டர் அவசரப்படாத மனிதர். முதலாளியோடு வெகுநேரம் பேசியிருந்துவிட்டு, மகனையும் செல்லமுத்துவையும் தனியே அழைத்தார். இது பைத்தியமில்லை, செய்வினையில்லை, யாருடைய பாவமும் இல்லை என்றார். கிழவயதில் எல்லாருக்கும் வருகிற சின்ன மறதியும் இல்லை. மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற நோய் என்றார். புதிதாகச் சேர்ந்த ஞாபகம் முதலில் போகும். பழையது வெகுநாள் நிற்கும். கை பழகிய வேலை அதற்கும் பிறகு நிற்கும். இந்த வகை நோயைக் கண்டு எழுதிய ஜெர்மன் வைத்தியரின் பெயரால் அல்ஸைமர் என்று ஒரு பெயரும் உண்டு என்றார். ஜெர்மன்காரனோடு சண்டை நடக்கும் சமயத்தில் அவன் பெயர் நமக்கெதற்கு என்று செல்லமுத்து அதைச் சேலத்திலேயே விட்டுவிட்டு வந்தார்.

"மருந்து உண்டுங்களா?" என்று வெங்கடாசலம் கேட்டார்.

"இன்னிக்கு வரைக்கும் இல்லை. நீங்கதான் மருந்து. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆட்கள்னு இருக்கட்டும். கிணத்துப் பக்கமும் ஸ்டியரிங் பக்கமும் போகாம ஒருத்தர் கூடவே இருங்க. பூட்டி வெச்சா பயம்தான் அதிகமாகும். முக்கியமா, அவருக்குப் பரீட்சை வைக்காதீங்க" என்றார் டாக்டர்.

வெங்கடாசலம் அரைமனதாக ஒப்புக்கொண்டார். "செல்லமுத்தண்ணன் ஷெட்ல இருக்கற வரைக்கும் அப்பா வரட்டும். அதுக்கப்பறம் மாடி ரூம்தான்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

பரீட்சை என்றால் என்ன என்பது மறுநாளே தெரிந்தது. நம் பக்கத்தில் வயதானவர்களைப் பார்த்தால் என்ன கேட்போம்? "என்னைத் தெரியுதுங்களா? நா யாருன்னு சொல்லுங்க பாப்போம்!" பாசத்தில்தான் கேட்கிறோம். அன்று ஷெட்டுக்கு வந்த பருத்தி வியாபாரி காளியண்ணனும் பாசத்தில்தான் கேட்டார். முதலாளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எவன்டா இவன உள்ள உட்டது!" என்று கத்தினார். காளியண்ணன் முகம் சுண்டித் திரும்பிப்போனார்.

செல்லமுத்து அன்றே ஒரு சட்டம் போட்டார். மலையாண்டி ஷெட்டில் அந்தக் கேள்வியை இனி யாரும் கேட்கக்கூடாது. முதலாளியிடம் வருகிறவர், யாராயிருந்தாலும், தம் பெயரையும் வேலையையும் தாமே முதலில் சொல்ல வேண்டும். தொடங்கி வைத்தவரும் அவரே. வாழ்நாளெல்லாம் கூடவே கிடந்த மனிதர், எதிரே போய் நின்று, "மொதலாளி, நா செல்லமுத்துங்க. உங்க டிரைவருங்க" என்றார்.

"தெரியும்டா. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாளும் சொன்னார், மறுநாளும் திட்டு. ஒருநாள் திட்டு வரவில்லை. "அப்பிடியா? நல்லதப்பா, வேலயப் பாரு" என்று பதில் வந்தது. செல்லமுத்து வண்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தார். அடுத்த நாள் காலை அதே குரலில், அதே சிரிப்போடு, தம் பெயரைச் சொன்னார்.

எங்களுக்கும் அது பழகிவிட்டது. டிரைவர் செங்கோட்டையன் மாமியார் வீட்டு வாசலில் நின்று, "நா செங்கோட்டையனுங்க, சங்ககிரி வண்டி டிரைவருங்க" என்று சொல்ல, குடித்திருக்கிறாரோ என்று மச்சினன்மார் வாயருகே வந்து முகர்ந்து பார்த்தார்கள். காளியண்ணனும் ரோஷத்தை மறந்து வந்து பெயர் சொல்லிவிட்டுப் போனார். மகன் வெங்கடாசலம் மட்டும் சொல்லவில்லை. "பெத்த அப்பனுக்குப் பேரச் சொல்லோணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். கேட்கும்போது குரல் உடையும். அதனால் அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

கைக்கு வேலை வேண்டுமே என்று செல்லமுத்து யோசித்தார். கரி வண்டி கிளம்புவதற்கு முன்னால், அடுப்புக்குக் காற்று ஊதுகிற கைப்பிடியை யாராவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நெருப்பைக் கிளீனர் பார்த்துக்கொள்ள, கைப்பிடி முதலாளியிடம் போயிற்று. பழைய கை, ஒரே சீராகச் சுற்றியது. சுற்றி முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, டயரைத் தட்டி, "ம், எடு!" என்பார். அன்றைக்கெல்லாம் அவரிடம் ஒரு நிம்மதி தெரியும்.

நோவு நிற்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் மத்தியானம், பரிமாறிக்கொண்டிருந்த பாவாயி அம்மாளை நிமிர்ந்து பார்த்து, "நீ யாரு ஊட்டு அம்மா?" என்றார் முதலாளி. அந்த அம்மாளுக்குக் கையிலிருந்த கரண்டி நின்றுபோனது. ஆனாலும் ஷெட்டுச் சட்டத்தை அவரும் கேள்விப்பட்டிருந்தார். "நா பாவாயிங்க. இந்த ஊட்லதானுங்க இருக்கறேன்" என்றார். முதலாளி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "நல்ல ஊடு. இங்கயே இருந்துக்க." பாவாயி அம்மாள் அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இதற்கிடையில் செல்லமுத்துவின் கண்ணில் புரை விழுந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஷெட்டைப் பார்த்துக்கொண்டார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாழும் மகள் பொன்னாயி, வந்துவிடுங்கள் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினாள். கண் வைத்தியத்துக்கும் சேலம் பக்கம்தான். ஆனால் செல்லமுத்து போனால் மாடி ரூம் இருக்கிறதே! "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். சுவரைத் தடவி நடக்கும் நிலை வந்தபோது, போன வாரம், வெங்கடாசலத்திடம் போய்க் கேட்டார். "ஒரு நாள் காலைல நா இல்லாம வண்டி கெளம்புதான்னு பாப்பமுங்க. கெளம்பிருச்சுன்னா, ரூம் வேண்டாமுங்க."

அன்று காலை செல்லமுத்துவை டிக்கெட் அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினோம். முதலாளி வந்தார். நாங்கள் வரிசையாகப் பெயர் சொன்னோம். கைப்பிடியைச் சுற்றினார். டயரைத் தட்டினார். செங்கோட்டையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "எடு" வரவில்லை. முதலாளி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இன்னொரு ஆளு வரோணுமில்ல?" என்றார்.

பெயர் அவரிடம் இல்லை. முகமும் இருந்ததோ என்னவோ. ஆள் குறைகிறார் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. "யாருங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தாலும் எல்லாம் போயிருக்கும். கைத்தடி நடுங்கத் தொடங்கிவிட்டது.

அப்போது ஓரமாக நின்றிருந்த வெங்கடாசலம் முன்னே வந்தார். தகப்பன் எதிரில் நின்றார். "அப்பா, நா வெங்கடாசலமுங்க. உங்க மகனுங்க" என்றார். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அந்த ஆளு மகள் ஊட்டுக்குப் போறாருங்க."

முதலாளி மகனையே பார்த்தார். "நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்காருங்கப்பா."

"அப்பச் சரி" என்றார் முதலாளி. கைத்தடி நின்றது. "ம், எடு!"

வண்டி கிளம்பியது. டிக்கெட் அறைக்குள் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. மத்தியானம் வெங்கடாசலமே மாடி ரூமின் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து ஸ்பேனர் பெட்டிக்குள் போட்டார்.

கதை முடிந்தது, "தாங்கள்" இனி வரலாம். அன்பின் ஆசானே என்றோ, அறத்தின் அச்சாணியே என்றோ எழுதிப் பார்த்து அடித்துவிட்டோம். தாங்கள் தயங்காமல் போய் வாருங்கள். முதலாளியின் அருகில் இனி எந்நேரமும் நாங்கள் இருப்போம்; முறை போட்டாயிற்று. பெட்ரோல் வந்து கரி அடுப்புகளைக் கழற்றினாலும், ஒரு வண்டியின் கைப்பிடியை மட்டும் அவருக்காக வைத்திருப்போம்.

தங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றுதான். நாளைக் காலையும், அதற்கடுத்த காலைகளிலும், முதலாளி வண்டியைச் சுற்றி வந்து, "நல்லா இருக்கானா?" என்று கேட்பார். "நல்லா இருக்காருங்க" என்று நாங்கள் சொல்ல வேண்டும். நோவு கண்ட நாளிலிருந்து அவரிடம் தாங்கள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. எங்களையும் சொல்ல வைத்துவிடாதீர்கள். கண்ணுக்கு வைத்தியம் செய்துகொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, மகள் சொல் கேட்டு, தாங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும். எங்கள் பதில் ஒவ்வொரு நாளும் மெய்யாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பைத் தங்கள் தலையில் கட்டித்தான் அனுப்புகிறோம்.

எடப்பாடி,
பார்த்திப வருஷம், கார்த்திகை மாதம்.

தாங்கள் போட்ட சட்டப்படி, எங்கள் பெயரை நாங்களே சொல்லிக்கொள்கிறோம்:

நா செங்கோட்டையனுங்க. சங்ககிரி வண்டி டிரைவருங்க.
நா அப்புசாமிங்க. அன்னிக்கு வானத்தப் பாத்த கண்டக்டருங்க.
மலையாண்டி ஷெட்டின் டிரைவர்கள், கண்டக்டர்கள், கிளீனர்கள் அனைவருமுங்க.
நா வெங்கடாசலமுங்க. நாச்சிமுத்துக் கவுண்டர் மகனுங்க.